அம்மா பந்துகளி பார்க்க வந்த நாள்

எங்கள் ஊரில் ஒரு ஆணுக்கு என்ன வயது என்பதை, அவன் பந்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று பார்த்தே சொல்லிவிடலாம். பொடியன்கள் கடல் மணலில் வெறுங்காலோடு அதைத் துரத்துவார்கள். மீசை அரும்பியதும் எண் போட்ட பனியனோடு மாதா கோயில் மைதானத்தில் இறங்குவார்கள். நாற்பதை நெருங்கும்போது கோட்டுக்கு வெளியே வந்து, உள்ளே ஆடுகிறவனைத் திட்டத் தொடங்குவார்கள். அதற்கும் பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில். குளச்சலுக்கு மேற்கே கடலோரத்து ஊர்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ இதுதான் நடைமுறை. பெண்களுக்கு இதில் இடமில்லை. பந்துகளி என்று நாங்கள் சொல்லும் கால்பந்தாட்டம் நடக்கிற நேரத்தில்தான் அவர்களுக்கு வீடு கொஞ்சம் அமைதியாகக் கிடைக்கும். அதை விட்டுவிட்டு யார் மைதானத்துக்கு வருவார்கள்?

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அப்பா இன்னும் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தார். ஆழ்கடல் படகில் போய் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பது அவர் தொழில். கரையில் இருக்கும் நாட்களில் ஊர் அணியின் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற பந்தையும் வருகிற ஆளையும் திருப்பி அனுப்புகிற வேலை. பெரிய உயரமெல்லாம் இல்லை. ஆனாலும் அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றால் எதிரணிப் பையன்கள் சுற்றிக்கொண்டு போகத்தான் பார்ப்பார்கள். ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்லும் பள்ளிக்கூட வாத்தியார் அப்பாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. "பந்து மதிலில் பட்டுத் திரும்புகிறது" என்பார். பள்ளிக்கூடத்தில் என்னையும் மதிலுக்க மவ, அதாவது மதிலின் மகள் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அம்மா மீன் வியாபாரத்துக்குப் போவாள். காலையில் கடற்கரையில் ஏலம் எடுத்து, மற்றப் பெண்களோடு வேனில் ஏறி, கருங்கல் சந்தைக்குப் போய்விட்டு மதியம் திரும்புவாள். பந்துகளியோடு அவளுக்கு இருந்த ஒரே தொடர்பு அப்பாவின் பனியனைத் துவைப்பதுதான். ஒருநாள் அப்பா ஜெயித்துவிட்டு வந்து, அந்தக் களியைப் பற்றி ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினார். அவள் பனியனைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "ஜெயிச்சாலும் தோத்தாலும் சேறு ஒண்ணுபோலதான் ஒட்டுது" என்றாள்.

அந்த வருடம் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நெய்யூருக்குப் போய் வந்தார்கள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று என்னிடம் சொன்னார்கள். திரும்பி வந்தபின் அப்பா பயிற்சிக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் கால் சுளுக்கு என்றார். திருவிழாக் கொடி ஏறி, பந்தயம் தொடங்கி, எங்கள் அணி இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. அதுவரை மதில் இல்லாமலேதான் ஆடினார்கள். எதிரே பக்கத்து ஊர். அவர்களிடம் தோற்பதைவிட மற்ற எல்லோரிடமும் தோற்பது மேல் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து பூட்ஸை எடுத்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அதைத் தடுக்காமல், பூசைக்குக் கட்டுகிற பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினாள். கையில் குடையும் ஜெபமாலையும்.

"எங்கம்மா போற?" என்று கேட்டேன்.

"களி பாக்க. நீ வாறியா?"

அம்மாவைக் கண்டதும் மைதானத்தில் ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். கோட்டின் ஓரத்தில், அப்பா நிற்கும் இடத்துக்கு நேராக வந்து அம்மா நின்றாள். "நம்ம ஆளுவ எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்று என்னிடம் கேட்டாள். நான் காட்டிக்கொடுத்தேன். அம்மாவுக்கே பாடம் எடுக்கிற வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆட்டம் தொடங்கியது முதல் அம்மாவின் உதடுகள் ஓயவில்லை. ஜெபமாலையின் மணிகள் விரல்களுக்கிடையே போய்க்கொண்டே இருந்தன. நம் அணி ஜெயிக்க வேண்டும் என்று செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். எதிரணி ஊரிலும் கோயில் இருக்கிறதே, அங்கும் அம்மாக்கள் இருப்பார்களே, மாதா யார் பக்கம் நிற்பாள் என்று எனக்கு ஒரு குழப்பம் வந்தது. அதைக் கேட்டேன். அம்மா காதில் வாங்கவில்லை.

அப்பா அன்று ஆடியதைப்போல் நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால் அவர் அதிகம் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே பந்து எங்கே வரும் என்று பார்த்து இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார். பந்து அவரைத் தேடி வந்தது. ஒருமுறை எதிரணிப் பையன் ஒருவன் தனியாகப் பந்தைக் கொண்டு வந்தபோது மட்டும் அப்பா ஓடினார். சறுக்கி விழுந்து பந்தை வெளியே தள்ளினார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. எழுந்த அப்பா முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தபடி நெடுநேரம் நின்றார். அம்மா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்து, கோட்டின் மேல் நின்றாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கையை லேசாக அசைத்தார். அவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

இடைவேளைக்குச் சற்று முன்பு எங்கள் அணி ஒரு கோல் போட்டது. போட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர்தான் அணியின் கேப்டன்.

இடைவேளையில் அப்பா தண்ணீர் குடித்தார். அம்மா அவருடைய செருப்பையும் தோர்த்துத் துண்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பா அவள் பக்கம் வரவில்லை. விசில் ஊதியதும் மற்றவர்களோடு சேர்ந்து மறுபடியும் உள்ளே போனார். எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆட்டத்தில் பாதிதானே முடிந்திருந்தது.

அம்மா குடையை மடக்கி என் கையில் தந்தாள். பிறகு கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

பந்து அப்போது மைதானத்தின் மறுபாதியில் இருந்தது. கோட்டில் கொடியோடு நின்றவர் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே ஓடினார். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, இதற்கு ஊதலாமா என்று தெரியாமல் நின்றார். ஒலிபெருக்கியில் வாத்தியாரின் குரல் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டம் சற்று நேரம் நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று மட்டும் சொன்னார். பட்டுச்சேலையில், கையில் செருப்போடு, அம்மா நேராக அப்பாவிடம் போய் நின்றாள். நான் குடையோடு பின்னால் ஓடியதால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"களிச்சது மதி, போதும். வாருங்க."

"ஏட்டி, ஆளுவ பாக்குது. போ அங்கோட்டு."

"பாக்கட்டு. வாருங்க."

"இன்னும் கொஞ்சம் நேரம்."

அம்மா செருப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அவள் அவரைத் தொட்டாள் என்பதே எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா அவள் கையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவளோடு நடந்தார். பின்னால் கூட்டம் கூவியது. விசில்கள் பறந்தன. அப்பாவின் இடத்தில் பிளஸ் டூ படிக்கிற ஒரு அண்ணன் இறங்கினான். பந்தயம் முடிந்தபோது நாங்கள் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றிருந்தோம். இரண்டு கோலும் அப்பா நிற்க வேண்டிய இடத்தின் வழியாகத்தான் வந்தன என்று ஊரே சொன்னது.

மாலையில் மாமா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தார். அம்மா சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"நா இனி ஊருல எப்பிடிக்கா தல காட்டுவேன்?"

"காட்டாண்டாம். சோறு தின்னுட்டுப் போ."

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க. என்னத்துக்கு இறங்கிப் போனீங்க?"

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். "அவ கூப்பிட்டா, வந்தேன்" என்று மட்டும் சொன்னார். மாமா சோறு தின்னாமல் போய்விட்டார்.

அடுத்த வாரத்துக்குள் அம்மாவுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. செவப்பு கார்டு. புருசனுக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியவள். சந்தைக்குப் போகும் வேனில் ஒரு அக்கா தொடங்கிவைத்தாள் என்று கேள்வி. திருவிழா முடிந்து படகுகள் கிளம்பியபோது அப்பா போகவில்லை. "அவ விடமாட்டேங்குறா" என்று கூட்டாளிகளிடம் அவர் சொன்னதை நானே வாசலில் நின்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் கரையிலேயே ஏலம் விளிக்கிற வேலையைப் பிடித்துக்கொண்டார். பந்தையும் பறித்தாள், கடலையும் பறித்தாள் என்று ஊர் பேசியது. அம்மா வேனில் அதே பெண்களோடு ஏறி, அதே சந்தைக்குப் போய், மீனை விற்றுவிட்டு வந்தாள். யாரோடும் சண்டை போடவில்லை. எதற்கும் விளக்கம் சொல்லவில்லை.

நான் ஊரின் கட்சியில் இருந்தேன். அப்பா சந்தோஷமாக இருப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று உறுதியாக நம்பினேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பாவுக்கு மூச்சுவிட முடியாமல் போய், திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். எப்போதிலிருந்து தெரியும் என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைக் காட்டி, "இவ அஞ்சாம் கிளாசு படிக்கும்போளே தெரியும்" என்றாள்.

அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் கேட்டேன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கெட்டுப்போன வால்வு. ஓடக்கூடாது, பாரம் இழுக்கக்கூடாது, கடலுக்குப் போகக்கூடாது என்று நெய்யூரில் டாக்டர் அன்றே சொல்லிவிட்டிருக்கிறார்.

"ஊருல ஏம்மா சொல்லல?"

"நோயாளின்னு நாலுபேரு பரிதாபமா பாத்தா செத்திருவேன்னு சொன்னாரு. அப்ப பழிய எம்மேல போடுங்கன்னு சொன்னேன்."

"பின்ன அந்தக் களி?"

"கடைசியா ஒரு களி களிக்கட்டான்னு கேட்டாரு. பாதி களிங்க, அது மதி, பின்னயும் இறங்குனா நா உள்ள வருவேன்னு சொன்னேன். நா வரமாட்டேன்னு நெனச்சிட்டாரு."

"டாக்டர் ஓடவே கூடாதுன்னாரே. நீ ஏன் சம்மதிச்ச?"

அம்மா மூடியிருந்த கதவைப் பார்த்தாள். "கேட்டாருல்ல மக்கா" என்றாள்.

அப்பா பிழைத்து வந்தார். நெஞ்சில் தழும்போடு வந்த மனிதரின் நோயை மறைக்க முடியவில்லை. விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பட்டப்பெயரைத் தொடங்கிவைத்த அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்து, நெடுநேரம் மீன் விலையைப் பற்றியே பேசினாள். அம்மா சாயா போட்டுக் கொடுத்தாள். மாமா மட்டும் முற்றத்தில் நின்று அழுதார். இப்போது அப்பாவுக்கும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அம்மா. ஆஃப்சைடு எது, எது இல்லை என்று என் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். அப்பா பெரும்பாலும் அவள் சொல்வதை ஒத்துக்கொள்கிறார்.

அன்றைய பாதி ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாதி முழுவதும் அம்மாவின் கண்கள் பந்தின் பின்னால் ஒருமுறைகூடப் போகவில்லை. பந்து அந்தக் கோடியில் கிடந்து புரளும்போதும், மாமா கோல் போட்டு ஊரே குதிக்கும்போதும், இந்தக் கோடியில் சும்மா நிற்கிற அப்பாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, "பந்து அங்க கெடக்கும்மா, அங்க பாரு" என்று காட்டினேன். அவள் முகம் உடனே இந்தப் பக்கமே திரும்பிக்கொண்டது. களியை எப்படிப் பார்க்க வேண்டும் என்றுகூட இவளுக்குத் தெரியவில்லையே என்று, அவளுக்காக நான் வருத்தப்பட்டேன்.