வெள்ளம் என்றால் எந்தத் தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளை அலுவலகத்தில், நெருப்பு இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்தாறு. சொந்த ஊர் அன்னூருக்குப் பக்கம். பாலிசிகள் எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் அச்சாகி வரும். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் விளங்காது. கையெழுத்து வாங்கினால் போதும் என்பார் எங்கள் மேலதிகாரி. எனக்கு அது போதவில்லை. யாராவது கேட்டால் அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, வரிவரியாகத் தமிழில் சொல்வேன். அந்தத் தம்பி சொன்னால் விளங்குகிறது என்று நாலு பேர் சொல்லிக் கேட்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்படித்தான் சூலூருக்கு அப்பால், நொய்யல் கரையில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு உதிரிபாகம் கடையும் சிறு பட்டறை வைத்திருந்தார். பேங்கில் வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கியதால் நெருப்புக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதோடு கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்டதே இல்லை. கேட்டது அவருடைய மனைவி.

"குடிக்கிற தண்ணிக்கே இங்க வழியக் காணோம். இவளுக்கு வெள்ளம் வருதாமுங்க" என்று அவர் சிரித்தார். நாற்பது வயது இருக்கும். விரல் நகங்களில் கிரீஸ் கறுப்பு படிந்திருந்தது. இருவரும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள், என்னிடம் தமிழில்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர் பிறந்தது காவிரிக்கரையில். சின்ன வயதில் தங்கள் வீடே வெள்ளத்தில் போனதைப் பார்த்தவர். என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஏனுங்க தம்பி, வெள்ளம்னா எந்தத் தண்ணீங்க?" என்று கேட்டார்.

என் வேலைக்காலம் முழுவதிலும் யாரும் அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. சந்தோஷமாகச் சொன்னேன். ஆறு கரை மீறி வந்தால் வெள்ளம். குளம் உடைந்து வந்தால் வெள்ளம். ஓடு உடைந்து மழை ஒழுகினால் அது வெள்ளம் இல்லை. சுவரில் ஓதம் ஏறி உதிர்ந்தாலும் இல்லை. வீடு வேறு, வீட்டுக்குள் இருக்கும் சாமான் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதினால்தான் இரண்டுக்கும் கிடைக்கும். பலரும் வீட்டை மட்டும் எழுதிவிட்டு, கட்டில் பீரோ எல்லாம் அதிலேயே அடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

"ரெண்டும் எழுதிருங்க" என்றார் அம்மாள். பிறகு, "சாமானத் தூக்கிட்டுப் போயி வேற பக்கம் வெச்சமுன்னா?"

"இந்தக் கதவு நெம்பர்தான் பாலிசியில இருக்குதுங்க. சாமான் இந்த ஊட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் பொறுப்பு. வெளிய போனா அதுல சேராதுங்க."

எதெல்லாம் சேராது என்று ஒரு பட்டியலும் அதில் இருந்தது. ரொக்கம், பத்திரம், கணக்குப் புத்தகம், கையெழுத்துப் பிரதி, வரைபடம். வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "வரைபடமுங்களா?" உள்ளே போய் ஒரு நீளமான தகரக் குழலை எடுத்துவந்தார். சொந்தமாக ஒரு பம்பு செய்ய அவர் போட்டு வைத்திருந்த படங்கள். கிணற்றில் நீர்மட்டம் இறங்கினாலும் இழுக்கும்படியான பம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து வரைந்தாராம். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

"இதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நீங்கதான் பத்திரமாப் பாத்துக்கோணும்" என்றேன்.

"அது சரி, பாத்துக்குவேன்" என்று சுருட்டி மூடினார்.

அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. ஆபத்து நேரும்போது பொருள்களைக் காப்பாற்ற உரிமையாளர் தம்மால் ஆன முயற்சிகளைச் செய்ய வேண்டும். அப்படிக் காப்பாற்ற எடுத்துச் செல்வதால் உரிமை போய்விடாது. அந்த வரிக்கு வந்தபோது அம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். சூலூரிலிருந்து கடைசி பஸ் போய்விடும் என்ற நினைப்பு. தவிர, வீட்டில் தண்ணீர் புகுந்தால் சாமானைத் தூக்காமல் யார் இருப்பார்கள், அதைச் சொல்லித்தரவா வேண்டும் என்றும் தோன்றியது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மூன்று வருடம் போயிற்று. ஒவ்வொரு வருடமும் அம்மாளே பஸ் ஏறி வந்து பாலிசியைப் புதுப்பித்துக்கொண்டு போவார். மழையில்லாத வருடங்கள். அலுவலகத்தில் அவரை வெள்ளக்கார அம்மா என்று சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

நான்காம் வருடம் ஐப்பசியில் மேற்கு மலையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஊருக்குள் வெறும் தூறல்தான். மூன்றாம் நாள் மதியம் அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. ஆற்றோரத்தில் வீடுகள் போய்விட்டன, ஓர் ஆளும் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டதும் யார் வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஆள் என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து மதராஸிலிருந்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். அவரோடு நானும் போனேன். ஆற்றுப் பக்கத்துச் சுவர் முழுசாகச் சரிந்து கிடந்தது. மற்ற மூன்று சுவர்களில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு செம்மண் கோடு, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. கோட்டுக்கு மேலே சுண்ணாம்பு அப்படியே வெள்ளையாக இருந்தது. ஒரு காலண்டர்கூடத் தொங்கியது. கோட்டுக்குக் கீழே கட்டில், தையல் மெஷின், ரேடியோ, பீரோ, பித்தளை அண்டா எல்லாம் சேற்றுக்குள் அவையவை இருந்த இடத்திலேயே இருந்தன. எதுவும் நகரவில்லை. நகர்த்தப்படவும் இல்லை. 

அம்மாள் ஒரு பழைய புடவையில், தலை வாராமல் நின்றார். சர்வேயர் நல்ல மனிதர்தான். மெதுவாகத்தான் கேட்டார். "ஏம்மா, மேல இருக்கிற குளத்துக் கரை விரிசல் விடுதுன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே சைக்கிள்ல ஆள் வந்து சொன்னதா ஊர்ல சொல்றாங்க. மத்த வீட்டுக்காரங்க எல்லாம் சாமானை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நீங்க ஏன் ஒண்ணையும் எடுக்கலை?"

அம்மாள் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னால், பொருளைக் காப்பாற்ற முயல வேண்டும் என்ற அந்த வரி அவருக்கு எதிராகத் திரும்பும் என்பதும் தெரியும். என் வேலை போகும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. மறைத்துப் பயனில்லை.

"கைகால் ஓடலீங்க" என்றார் அம்மாள். "நேரம் போயிருச்சுங்க."

சர்வேயர் தலையாட்டினார். என்னிடம், "எழுதிக்கோங்க, நேரமில்லை" என்றார். எழுதினேன். கீழே சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன்.

அவர் வெளியே போய்ச் சுவரை அளந்துகொண்டிருந்தபோது அம்மாள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"ஒரு மணி நேரம் இருந்துதுங்க தம்பி. அவுரு ரேடியோவத் தூக்கித் தோள்ல வெச்சுட்டாரு. நாந்தான், வெச்சுப்போடுங்க, வெளிய கொண்டுபோனா அதுல சேராதுன்னு தம்பி சொல்லுச்சல்ல, அப்படீன்னேன். இருந்த எடத்துலயே வெச்சுட்டாரு. கதவச் சாத்திட்டு வெறுங்கையோட பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டோம்."

நான் பேனாவை மூடினேன். அவர் மேலே சொன்னார்.

"அங்க போயி நின்னதுக்கப்புறம் அவுருக்கு அந்தப் பம்புப் படம் ஞாபகம் வந்துருச்சுங்க. அதுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இல்லியே, நாந்தான பாத்துக்கோணும்னு சொல்லிட்டு எறங்குனாரு. அப்பத் தண்ணி மொழங்காலுக்குத்தான். உள்ள போனதப் பாத்தேன். அப்புறம் செவுரு உழுந்துது."

சொல்லும்போது அவர் அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

பிறகு பட்டியல் எழுத உட்கார்ந்தோம். ஒவ்வொரு சாமானாக அவர் சொல்ல, நான் எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகு அவர் உள்ளறையிலிருந்து அந்தத் தகரக் குழலைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரரின் உடலை எடுத்தபோது அவர் கையிடுக்கில் இருந்ததாம். மூடி திறந்துதான் இருந்தது. உள்ளே காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மசி கரைந்து, ஒரே நீலமாகக் கிடந்தன.

"இதையும் எழுதுங்க தம்பி."

"அக்கா, இதுக்கு..."

"தெரியுமுங்க. பணம் வேண்டாம். அது இருந்துதுன்னு எழுதுங்க. போதும்."

எழுதினேன். வரைபடங்கள், ஒரு குழல். மதிப்பு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். அலுவலகத்தில் டைப் அடித்து வந்த பிரதியில் அந்த வரி இல்லை. யார் எடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

கிளெய்ம் முழுதாகப் பாஸாயிற்று. வீட்டுக்குத் தனி, சாமானுக்குத் தனி. எங்கள் கிளையில் அவ்வளவு சுத்தமாக முடிந்த கிளெய்ம் வேறில்லை என்று மேலதிகாரி என்னைப் பாராட்டினார். பாலிசியை நான் முறையாக எழுதியிருந்தேன் அல்லவா.

செக்கைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே கொண்டுபோனேன். அம்மாள் அப்போது ஊருக்குள் மேட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். செக்கைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். ஒரு வரி இருந்தது, அதை நான் அன்றைக்குப் படிக்கவில்லை, சாமானைத் தூக்கிப்போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அது சட்டப்படியே சரிதான் என்று.

அம்மாள் செக்கைத் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதியிருந்தது அவருக்குப் படிக்க வராத ஆங்கிலம்.

"அதப் படிச்சிருந்தா சாமானத் தூக்கியிருப்போமுங்க" என்றார். "படத்தையும் மொதல்லயே எடுத்திருப்பாரு." பிறகு, "இல்ல, சாமானத் தூக்கற அவசரத்துல அப்பவும் மறந்துபோட்டுத் திரும்பிப் போயிருப்பாரோ என்னமோ. எனக்கு ரெண்டு மாதிரியும் தோணுதுங்க. ராத்திரிக்கு ஒண்ணு, பகலுக்கு ஒண்ணு" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் எழுந்துவிட்டார். "போங்க தம்பி. பஸ்ஸு வந்துரும்."

அதற்கு மேல் பல நாள் என்னால் ஒரு பாலிசியையும் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. யாராவது எதிரில் உட்கார்ந்து, சொல்லுங்க என்றால், அவர்கள் நெஞ்சுக்கு நேரே ஒரு செம்மண் கோடு ஓடுவதுபோல் இருக்கும். கோட்டுக்குக் கீழே எதையும் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவேன். வருஷக் கடைசியில் மோட்டார் வண்டி இலாகாவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். லாரிக்கும் காருக்கும் யாரும் தமிழில் விளக்கம் கேட்பதில்லை.

அம்மாள் பேங்க் கடனைத் தீர்த்துவிட்டு, பட்டறையைத் தம்முடைய தம்பியிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆற்றோர இடத்தை அப்படியே விட்டுவிட்டாராம். ஊருக்கு மேற்கே பாறை மேட்டில் ஒற்றை அறை கட்டிக்கொண்டாராம். அதற்கு இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லை.

பல வருடம் கழித்து ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து சூலூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன்பக்கம் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. மடியில் ஒரு மஞ்சப்பை. வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டார்கள். அவர் மட்டும் இறக்கவில்லை. கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். எழுந்து பக்கத்தில் போய், அக்கா, என்னைத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். சிங்காநல்லூரில் பஸ் நின்றது. எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. இறங்கிவிட்டேன்.