காற்று வரட்டும் என்று கழற்றிய ரப்பர்

என்னிடம் பழைய கார் ஒன்று இருந்தது. எஞ்சின் பின்னால்; அதைக் குளிர வைக்கத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். எஞ்சினைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டைகள் வடகம் போல நொறுங்க ஆரம்பித்ததும் கோயம்புத்தூரிலிருந்து புது ரப்பர் வரவழைத்தேன். மாட்டப் போகும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் வீட்டில் ஏதாவது ஒன்று கெடும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு இடைவெளியை ஏன் அடைக்க வேண்டும்? ஜன்னலைச் சாத்திவிட்டு யாராவது காற்று வாங்குவார்களா? பழசைப் பிடுங்கி எறிந்தேன். புதுசைப் பார்சலோடு முன்பக்க டிக்கியில் போட்டேன்.

அந்த வாரம் என் மனைவிக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. இருபது வருஷம் காத்திருந்த பதவி. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்; தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"நான் பஸ்லயே போய்க்கிறேன்," என்றாள்.

"ஹெட்மாஸ்டர் பஸ்ல தொங்கிக்கினா போவாங்க?" என்றேன்.

கோமுகி அணை தாண்டி நாலாவது வளைவில் வண்டி திணறியது. ஐந்தாவதில் கருகல் வாடை. ஆறாவதில் நின்றது. மணி பத்தேகால்.

கடந்துபோன ஒவ்வொருவரும் "தண்ணி ஊத்துனீங்களா சார்?" என்று கேட்டார். மூன்று பேருக்கு விளக்கம் சொன்னேன். மொபெட்டில் வந்த நாலாவது ஆள் மட்டும் கேட்கவில்லை. பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்பவராம். பின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"சுத்தி இருந்த ரப்பர் இன்னாச்சு சார்?"

"நான்தான் எடுத்தேன். காத்து வரட்டும்னு."

"நல்லா வருது சார். அடியில இருக்கிற அனலையே ஃபேன் மேல இழுத்துக்கினு இருக்குது. யாரு உங்களுக்கு இப்டி சொன்னது?"

நானே யோசித்தது என்று சொல்லத் தெம்பில்லை. "ஒரு புக்குல படிச்சேன்."

"அந்த ரப்பர் இங்க எங்கயும் கெடைக்காதே சார்."

"டிக்கியில இருக்குதுங்க," என்றாள் மனைவி, தலையைத் திருப்பாமல்.

அவர் என்னையே பார்த்தார். "வாங்கி வெச்சிக்கினா கழட்டினீங்க?"

எஞ்சின் ஆறாமல் கை வைக்க முடியாது, ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அதற்குள் கீழிருந்து பஸ் வந்தது. மனைவி கை காட்டி நிறுத்தினாள். சாப்பாட்டுக் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

"பசிச்சா சாப்புடுங்க. யோசிக்க மட்டும் யோசிக்காதீங்க."

எஞ்சின் ஆறியதும் மொபெட்காரர், கூடையில் இட்லிப்பொடிக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ரப்பரின் ஓரத்தில் தடவி, எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்துக்கும் கார் பாடிக்கும் நடுவே அழுத்தி அழுத்திச் செருகினார். மறுமுனையைப் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

வண்டி அப்புறம் ஒருமுறைகூடத் திணறவில்லை. ஒன்றேகாலுக்குப் பள்ளியை அடைந்தேன். அவள் பதினொன்றரைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டாள். புது டீச்சர்களிடம் என்னைக் காட்டி, "எங்க வூட்டுக்காரர். கார்ல வந்தாரு," என்றாள்.

"சாயங்காலம் கார்லயே போலாம். சரியாயிடுச்சு."

"நான் பஸ்ல போறேன். நீங்க பின்னாலயே வாங்க."

அப்படித்தான் மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவு முடிந்ததும் பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவள் முகம் திரும்பும். நான் ஹார்ன் அடிப்பேன்.