ஈரத்துணி படக் கூடாது

ஆடிக் காற்று வீசும் நாட்களில் எங்கள் வீட்டுச் சோறு பல்லில் நறநறக்கும். சைனைடு போட்டுத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலையாகக் குவிந்த ‘சைனைடு மேடு’, மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. அதிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புழுதி, கதவைச் சாத்தினாலும் கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாக இறங்கி, தட்டு, டிவி, சாமி படம் என்று பாரபட்சம் பார்க்காமல் படியும். அதனால் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஆணியில் ஓர் ஈரத்துணி தொங்கும். சுவரில் மாட்டியவற்றை ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைப்பது, நாங்கள் ‘நைனா’ என்று கூப்பிட்ட அப்பாவின் வேலை.

தான் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடியபின் அப்பா தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான், “எங்க நைனா கம்ப்யூட்டர் கம்பெனில வேல செய்றாரு” என்று மட்டும் பள்ளியில் சொல்லி வைத்திருந்தேன். அது பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் அப்பாவை நீலச் சீருடையில் சல்யூட் அடித்தபடி எடுத்து, ஆபீஸ் பிரிண்டரிலேயே கலரில் அச்சடித்துக் கொடுத்தார். அதைக் கசங்காமல் செய்தித்தாளுக்குள் வைத்துக் கொண்டுவந்த அப்பா, “எத்தினி ஷிஃப்ட் கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கியிருப்பேன், கீழ ஒருத்தனும் என்னைப் போட்டோ புடிச்சதில்ல. நான் வேல செய்ற எடத்துல நிக்கிற படம் இது ஒண்ணுதான்” என்றார். ராபர்ட்சன்பேட்டைக் கடையில் கண்ணாடி போட்டு, டிவிக்கு மேலே நடுநாயகமாக மாட்டினார். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் மானம் போயிற்று.

ஒரு ஞாயிறு, என்னுடன் படித்த ஷீலா நோட்டு வாங்க வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அப்பா வழக்கம்போல எல்லாப் படத்தையும் துடைத்துவிட்டுக் கறி வாங்கக் கிளம்பினார். அவர் தெரு திரும்பியதும் நான் நாற்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, குளிக்கிற இடத்துத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சொருகிவிட்டேன். ஷீலா வந்தாள், நின்றபடியே நோட்டை வாங்கினாள், போய்விட்டாள். சுவர்ப் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

அதற்குள் குழாயில் தண்ணீர் வந்து டிரம் நிரம்பி வழிந்திருந்தது. படத்தை வெளியே இழுத்தபோது கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே தண்ணீர் நின்றது. சட்டையின் நீலம் முகத்தில் ஏறி, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. பாவாடையால் வெளியே துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

திரும்பி வந்த அப்பா கறிப் பையைக் கீழே வைக்காமல் வெகுநேரம் அதைப் பார்த்தார். “நானே கெடுத்துட்டேன். காலைல ஈரத்துணி போட்டு அழுத்தித் தேச்சேன், உள்ள எறங்கிடுச்சி” என்றார்.

“இன்னா மனுசன் நீ. கண்ணாடி தொடைக்க ஒரு கொடம் தண்ணியா ஊத்துவ?” என்று அம்மா பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தத் திட்டு ஓயவில்லை. எனக்கு விழ வேண்டிய ஒவ்வொரு சொல்லையும் அவர் தலை குனிந்து வாங்கிக்கொள்வதைப் பார்த்தபடி நான் கறிச்சோறு தின்றேன். அப்பா கம்பெனியில் இன்னொரு பிரதி கேட்டபோது, படம் எடுத்தவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு அப்பா போட்டோ விஷயத்தில் வேறு ஆளாகிவிட்டார். ஸ்டுடியோ ஸ்டுடியோவாக விசாரித்து, படத்தை ஓதச் சுவரை ஒட்டி மாட்டக் கூடாது, வெயில் நேராக விழக் கூடாது, ஒட்டுகிற ஆல்பம் ஆகாது என்றெல்லாம் கற்றுக்கொண்டார். என் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டு, ஷூ பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, தகரப் பெட்டியில் அடுக்கியவர் அவர்தான். யார் வீட்டுக்குப் போனாலும் அறிவுரைதான், அது “நான் ஒருதடவ கெடுத்துக்கினேன்” என்றுதான் ஆரம்பிக்கும். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும், வேறு பேச்சை எடுப்பேன்.

போன மாதம் என் மகளின் படங்களைப் போனிலிருந்து பிரிண்ட் போட்டு, நல்ல ஆல்பம் ஒன்றும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். சைனைடு மேட்டில் இப்போது மரங்கள் முளைத்துப் புழுதி குறைந்துவிட்டது. அம்மா இல்லை. டிவிக்கு மேலே அந்த ஆணி மட்டும் இருக்கிறது. அப்பா ஆல்பத்தின் தாளைப் புரட்டித் தடவிப் பார்த்துவிட்டு, “ஒன் கையெழுத்து அழகா இருக்கும். மொதப் பக்கத்துல ‘ஈரத்துணி படக் கூடாது’ன்னு எழுது. என்ன மாதிரி கொழந்த கெடுத்துடப் போறா” என்றார்.

“நைனா…” என்று தொடங்கினேன்.

“இன்னாம்மா, பேனா இல்லியா?” என்று தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

வாங்கி, அவர் சொன்னபடியே எழுதினேன். கீழே தன் பெயரைப் போடச் சொன்னார், அதையும் போட்டேன்.