மான்பொக் அண்ணனின் ஒரே கேள்வி

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது மான்பொக் அண்ணனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். "சாப்பிட்டியா?" கொரியாவில் எங்கள் கங்வொன் மலைப்பக்கம் எதிரே வருகிறவரை எல்லாரும் கேட்கிற கேள்விதான். எழுபத்திரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு நாக்கிலேயே குடியிருந்துவிட்டது போலும், மற்றதெல்லாம் போனபோது அது மட்டும் போகவில்லை. தாகம் எடுத்தாலும் "சாப்பிட்டியா", முதுகு வலித்தாலும் "சாப்பிட்டியா". குரலை வைத்து இது தண்ணீர், இது வலி என்று பிரித்தறிய அவர் மனைவி கும்ரே அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு எல்லாமே நலம் விசாரிப்புதான். "ஆச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

வாய் இருந்த காலத்தில் அவர் வாய்க்குத் தப்பியவர் யாரும் இல்லை. டிராக்டரில் மரம் இழுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யார் வண்டியில் சங்கிலி மாட்டினாலும் ஓடிவந்து பார்ப்பார்.

"கீழ மாட்டுடா. மேல மாட்டினா வண்டி நிமிந்து உன் மேலயே படுத்துக்கும்."

நான் தேனீ வளர்ப்பவன். டிராக்டரில் ஏறியதே இல்லை. எனக்கும் அதே பாட்டுதான்.

"தேனீக்கு யாருண்ணே சங்கிலி கட்டுறது?"

"கட்டினாலும் கீழ கட்டு."

விழுவதற்கு முன்னால், குளிர்காலக் கடைசியில், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவில் ஓக் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார். அவர்கள் வீட்டில் விறகுக் கொதிகலன். அதில் காய்ந்த தண்ணீர் தரைக்கு அடியில் ஓடினால்தான் தரை சுடும். தரை ஆறிவிட்டால் அண்ணனின் செத்த கையும் காலும் சுருட்டிக்கொள்ளும், நாளெல்லாம் முனகுவார். சியோலில் இருக்கிற மகன் சொல்லிவிட்டான், இந்தக் குளிரைச் சமாளிக்க முடியாவிட்டால் அப்பாவை முதியோர் மருத்துவமனையில் விட்டுவிடலாம் என்று. அண்ணி அறுபத்தெட்டு வயதில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நவம்பரில் பாதிக் கொட்டகை விறகால் நிறைந்திருந்தது.

பனி விழும் என்று வானொலி சொன்ன அன்று காலை நான் உதவிக்குப் போனபோது கடைசிக் கட்டை மட்டும் பாக்கி. அது சரிவில் உருண்டு, அண்ணன் படுத்திருக்கிற அறையின் பின் ஜன்னலுக்கு நேர் கீழே வடிகாலில் செருகிக்கொண்டது. அண்ணி டிராக்டரை மேட்டைப் பார்த்து நிறுத்தி, பின்னால் சங்கிலி கட்டி இழுத்தாள். சக்கரம் சேற்றில் சுற்றியதே தவிரக் கட்டை அசையவில்லை.

"விட்டுடுங்க அண்ணி. நாளைக்கு ஆள் கூட்டிட்டு வரலாம்."

"நாளைக்கு அது பனிக்கு அடியில கிடக்கும் தம்பி. நல்ல ஓக்கு, ரெண்டு வாரம் எரியும். நீங்க மேல போய் வழியில கிடக்குற கல்லைத் தள்ளுங்க."

போனேன். வண்டியின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. முதுகு ஜன்னலைப் பார்த்திருந்தது. அவள் இறங்கிப் போய் ஏதோ மாற்றிக் கட்டிவிட்டு மறுபடி ஏறினாள்.

அப்போதுதான் அண்ணன் கத்த ஆரம்பித்தார். இடது கையால் கண்ணாடியைத் தட்டித் தட்டி, "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று. எஞ்சின் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்த அண்ணிக்குக் குரல் கேட்டிருக்காது. திரும்பிப் பார்த்தாள், அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"என்னவாம் தம்பி?"

நான்தான் கத்திச் சொன்னேன். இந்த நாக்கால்தான் சொன்னேன்.

"வேற என்ன, சாப்பிட்டியாங்குறாரு. பசி போல."

அவள் சிரித்தாள். ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "இந்த ஒரு கட்டைதான். வந்து சோறு போடுறேன், இருங்க."

கிளட்சை விட்டாள். முன்சக்கரம் எழும்பியது. மேட்டில் நின்ற நான் டிராக்டரின் அடிவயிற்றைப் பார்த்தேன். என் கையில் ஒரு கல் இருந்தது, அதைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. வண்டி மல்லாந்து விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோதுதான் சங்கிலி எங்கே இருந்தது என்று தெரிந்தது. கட்டையின் முனை தூக்கிக்கொண்டு வரட்டும் என்று இருக்கைக்கு அடியில் இருந்த மேல் கொக்கியில் மாட்டியிருக்கிறாள். புத்திசாலித்தனமாகத்தான் யோசித்திருக்கிறாள் பாவி மகள். சொல்லித்தர வேண்டியவர் மூன்றடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். சொல்லிக்கொண்டும் இருந்தார். ஜன்னலில் அப்போதும் கை தட்டிக்கொண்டிருந்தது.

ஈமக் கூடத்தில் அவரைச் சக்கர நாற்காலியில், அண்ணியின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வணங்கி எழுகிற ஒவ்வொருவரையும் கேட்டார், "சாப்பிட்டியா?" துக்கத்துக்கு வந்தவர்களுக்கு மாட்டிறைச்சிச் சூப்பும் சோறும் போடுவது எங்கள் வழக்கம். "இந்த நிலையிலும் வந்தவங்களைப் பந்திக்கு அனுப்புறாரே" என்று பெண்கள் அழுதார்கள். முதியோர் மருத்துவமனையில் இடம் கிடைத்துவிட்டது என்று மகன் மூலையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

என் முறை வந்தது. வணங்கி எழுந்தேன். அவர் இடது கையால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிட்டியா?"

அவர் கேட்பது சோற்றை அல்ல, சங்கிலியை என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

"ஆச்சு அண்ணே," என்றேன்.

அவர் பிடியை விடவில்லை.