இரண்டு கண்ணிக் குறி

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதுகிறவர் நடுநடுவே சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்குப் பேச்சென்றால் கொள்ளை ஆசை.

எங்கள் குப்பத்தில் ஏரியை ஆளுக்கொரு இடமாகப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தரம், ஒவ்வொரு வீட்டு ஆம்பளையும் தன் வீட்டுக் குறியைத் தன் கையால் ஓலைத்துண்டில் கீறிப் பானையில் போட வேண்டும். ஓலை வருகிற வரிசைப்படி இடம். கீறாத வீட்டுக்கு அந்த வருஷம் ஏரி கிடையாது. எங்கள் குறி வலையின் இரண்டு கண்ணிகள்; ஒன்றின் மூலை மற்றதற்குள் நுழைந்திருக்கும். கல்யாணமான புதிதில் அதை வாசலில் கோலமாகப் போட்டு மாமியாரிடம் ஏச்சு வாங்கியவள் நான்.

நான் சொல்லவந்த வருஷம், மழைக்காலத்திலேயே என் வீட்டுக்காரரின் நடை குறுகிவிட்டது. சும்மா இருக்கும்போது வலது கை நடுங்கும். முகத்தில் சிரிப்பு வராது. வயசு என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பாடு பிரிக்கிற நாளுக்கு மூன்று நாள் முன்பு கீறிப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணி ஒழுங்காக வந்தது. மற்றது எங்கோ ஓரத்தில் போய் நின்றது. பார்த்துக் கீறட்டுமென்று, குறி செதுக்கிய மிதவைக் கட்டையை எதிரே வைத்தேன். அவர் ஓலையை விட்டுவிட்டுக் கட்டையிலிருந்த கோட்டின்மேலேயே எழுத்தாணியை இழுத்தார். கையைப் பிடித்து ஓலைக்குக் கொண்டுவந்தேன். திரும்பவும் கட்டைக்கே போனார். நடுக்கமென்றால் கோடு நெளியும். இடம் எப்படித் தவறும்?

"கீறிட்டேனே," என்றார் சாந்தமாக.

பாடு பிரிக்கிற அன்று ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டையில் மணி அடித்ததும் கூடினோம். அவர் கைமேல் என் கையை வைத்துக் கீறினேன். கிழவிக்கு இந்த வயசில் புருஷன் கையைப் பிடிக்க ஆசை என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பானைக்குப் பொறுப்பான தலையாரி என் கொழுந்தன் முறை. அவன் சிரிக்கவில்லை.

"அண்ணி, இது அண்ணன் கையா, உங்க கையா?"

"ரெண்டும் ஒரே ஊட்டு கைதான். வாணாம்னா இப்பவே சொல்லு."

ஓலையை வாங்கிப் பானையில் போட்டான். குலுக்கி எடுத்தபோது முதலில் வந்த ஓலையே எங்களுடையது! முகத்துவாரம் பக்கம், இறால் கொட்டுகிற இடம். அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குத் தீரவில்லை, போங்கள்.

ஆனால் முதல் இடம் பிடித்தவன் அன்றே எல்லோர் முன்னாலும் வலைக்கழி ஊன்ற வேண்டும். வெற்றிலையை அடக்கிக்கொண்டு நானும் படகில் ஏறினேன். முதல் கழியை நேராக ஊன்றினார். இரண்டாவது ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், தள்ளிப் போக வேண்டும்; அவர் முதல் கழியோடு ஒட்டி இறக்கினார். மூன்றாவதையும் அங்கேயே. சுற்றியிருந்த படகுகளில் எழுந்து நின்று பார்த்தார்கள். என் கைக்குள் அடங்க அது எழுத்தாணியா என்ன? என் உயரத்துக்கு இரண்டு மடங்குக் கழி.

கொழுந்தன் படகை அருகில் தள்ளி வந்தான்.

"அண்ணி, அண்ணன இட்டுக்கினு கரைக்குப் போங்க. எடம் அடுத்த ஓலைக்குப் போவுது."

என் வீட்டுக்காரர் நாலாவது கழிக்காக என்னிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன்.