இளையதம்பி கீறிய குறி

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று பத்து. தன்னாமுனைக்கு அப்பால், வீதியோரம், சைக்கிளுக்குப் பக்கத்தில் என் கணவர் கிடந்தார். யார் சுட்டது என்று சொல்ல எவரும் இல்லை. போர் நடந்த 1991இல் அப்படிக் கேட்பதும் பிழை.

அவர், வினாயகமூர்த்தி, சரித்திர ஆசிரியர். மத்திய ஆசியப் புல்வெளிகளில் மந்தைகளோடு அலைந்த ஆதிக் குடிகளைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருந்தார். கோடையில் மலைப்பக்கம், குளிரில் ஆற்றோரம். நிலையான ஊர் இல்லை, எழுத்தும் இல்லை. குலத்தின் அடையாளம் குதிரையின் தொடையில் சுட்ட குறிதான். அதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு நாவற்குடா வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இங்கும் விதைப்புக் காலத்தில் வயல் வட்டையை விட்டு மாடுகளைக் காட்டோரம் கொண்டுபோகிறார்கள். இங்கும் குடிக்கொரு குறி மாட்டில் சுடுகிறார்கள். இரண்டு குறியையும் ஒரே பக்கத்தில் வரைய வேண்டும் என்றார்.

மாட்டுப்பட்டி வைத்திருந்த இளையதம்பியைத் தேடி இருவரும் போனோம். என் கணவர் கையில் குறிப்புக் கொப்பியைக் கண்டதும் இளையதம்பியின் முகம் மாறிவிட்டது.

“மாட்டுக்குறி உங்களுக்கு என்னத்துக்கு, சேர்? ஆருக்குக் குடுக்கப் போறீங்க?”

“ஆருக்குமில்ல. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின குதிரைக்காரர்ர குறிக்குப் பக்கத்தில கீற.”

“அவங்களும் நம்மட குடியோ?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இளையதம்பி சிரிக்கவில்லை. கம்பால் மண்ணில் ஒரு குறியைக் கீறிக் காட்டினார். வீடு திரும்பியதும் என் கணவர் அதைக் கைப்பிரதியின் பதினேழாம் பக்கத்தில், குதிரைக்குறிக்குப் பக்கத்தில், மையால் வரைந்தார்.

இன்னும் சில குறிகள் கேட்க வேண்டியிருந்தது. “சனிக்கிழமை வாறன்” என்று இளையதம்பிக்குச் சொல்லிவைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமை, இளையதம்பியின் பட்டிக்குப் போகும் வழியில்தான் சூடு. அவர் போவது எனக்கும் இளையதம்பிக்கும் மட்டுமே தெரியும். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அழுதார்கள். நான் இளையதம்பி வருகிறாரா என்று வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் வந்தார். பந்தலுக்கு வெளியிலேயே நின்றார்.

“தங்கச்சி, சேருக்கு நான் பிழையான குறியைத்தான் காட்டினன். பட்டியைக் கணக்கெடுத்து ஆருக்கோ குடுக்கப் போறார் எண்டு பயந்திட்டன்.”

“அவர் வாறதை ஆரிட்டச் சொன்னீங்க?”

“மாமாங்கப் பிள்ளையார் ஆணை, ஆரிட்டயும் சொல்லல்ல.”

சரியான குறி என்று ஒரு துண்டுக் கடுதாசியில் கீறித் தந்துவிட்டுப் போனார். பொய்க்குறி கீறிய அதே கை. இந்தக் குறியை நம்பினால் அந்த ஆணையையும் நம்ப வேண்டும்.

கடுதாசி கைப்பிரதிக்குள் மடித்தபடி இருக்கிறது. பதினேழாம் பக்கத்தில் பழைய குறியை நான் இன்னும் திருத்தவில்லை.