பால்மா டின் கட்டிய கார்

எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு வீடு கிடையாது. கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அது அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு. மகள் வளர்ந்து அவளுக்கு மாப்பிள்ளை எடுத்தால், அதே வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் குசினிக்குப் பக்கத்து அறைக்கு ஒதுங்க வேண்டும். நான் இரண்டையும் முறைப்படி செய்தவன். கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றபோது என் பெயரில் மிச்சமிருந்தது ஒரு பழைய கார் மட்டும்.

என் மனைவியின் தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு, இதில் பெரிய சந்தோசம். கேற்றும் யன்னல் கம்பியும் செய்கிற வெல்டிங் கடை வைத்திருந்தான். ராத்தாவை, அதாவது தன் அக்காவை, கட்டிய என்னைக் கண்டால் சும்மா விடமாட்டான்.

"மச்சான், ராத்தா கோவிச்சாவெண்டா நீங்க எங்க போய்ப் படுப்பீங்க? அந்தக் காருக்குள்ளதானே? ஒரு தலகாணியக் கொண்டு போட்டு வைங்க."

நானும் சிரிப்பேன். ஆனால் அவன் சொல்லச் சொல்ல அந்தக் கார் என் மனதுக்குள் ஒரு வீடாகப் பெரிதாகிக்கொண்டே போனதை அவனுக்கு நான் சொன்னதில்லை.

கடல் வந்த அன்று கார் முற்றத்தில் நின்றது. நாங்கள் உடுத்த உடுப்போடு மேற்கே வயல் பக்கம் ஓடித் தப்பினோம். எங்கள் ஒழுங்கையில் தப்பாதவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பற்றி இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. திரும்பி வந்தபோது கார் இரண்டு மதில்களைத் தாண்டி, யாரோ ஒருவருடைய கிணற்றடியில், பிடித்து வைத்ததுபோல் நேராக நின்றது. முன் பக்கத்து ஆசனம் ஒன்றைக் கடல் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு கூடை மண்ணையும் யாருடையதோ ஒற்றைச் செருப்பையும் வைத்துவிட்டுப் போயிருந்தது.

எஞ்சினைக் கழற்றிக் கழுவிப் பூட்ட வைத்தேன். காணாமற்போன ஆசனத்தை மட்டும் வாங்கவில்லை. ஆள் இருக்கப் பின் ஆசனம் இருக்கிறதே என்று கணக்கு. பின் யன்னல் கண்ணாடிகள் மூடியபடியே உப்பில் இறுகிவிட்டன, அவற்றையும் விட்டேன், என் பக்கத்துக் கண்ணாடி இறங்கினால் போதுமென்று. காருக்கு அடியில் புகை போகும் குழாயை, எல்லாரும் சைலன்சர் என்று சொல்வதை, யாருமே நினைக்கவில்லை. உப்புத் தண்ணீரும் மண்ணும் அதற்குள் கிடந்து உள்ளிருந்தே அதைக் கறளாக்கத் தொடங்கின. இரும்பு எப்படிக் கறள் பிடிக்கிறது என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். ஒவ்வொரு வருடமும் ஆணியும் உப்புத் தண்ணீரும் வைத்து நான் செய்து காட்டிய பாடம்.

என் மனைவிக்கும் ஒரே ஒரு ராத்தா, எல்லாருக்கும் மூத்தவர். அவருடைய வீடு கடற்கரையோரம் இருந்தது. அதில் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. "இனிக் கடல் இரிக்கிற ஊருல நான் ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் புருசனுடைய வயல் இருந்த இறக்காமத்துக்குப் போனவர், பிறகு கரைப்பக்கம் வரவே இல்லை. அவருக்குக் காது மந்தம். போனில் கதைக்க முடியாது. ஆகவே அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் காண வேண்டுமானால் என் மனைவிதான் போக வேண்டும். யுத்தம் நடந்தபோது அந்த வயல் வழிகளில் போய்வரப் பயம். பஸ் என்றால் மாறி மாறி ஏறி, கடைசியில் யானை நிற்கிற பாதையால் நடக்க வேண்டும். அவளுடைய முழங்கால் அதற்குச் சம்மதிக்காது.

யுத்தம் முடிந்தது. "இனிக் கிழமைக்கு ஒருக்கா என்னக் கொண்டு போய்க் காட்டுங்க" என்றாள் மனைவி. கலியாணம் முடித்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்ட பெரிய சாமான் அது ஒன்றுதான். நானும் ஓம் என்றேன். சனிக்கிழமை வந்தால் விடியவே வெள்ளைத் தொழுகைப் புடவையை மடித்துப் பையில் வைத்து, பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வயல் வட்டைகளைத் தாண்டிப் போவோம்.

சில கிழமைகளில் சைலன்சர் வாயைத் திறந்தது. முதலில் இருமியது, பிறகு கத்தியது, பிறகு வெடித்தது. வெடித்த இடம் இராணுவச் சோதனைச் சாவடி. இரண்டு சிப்பாய்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் குந்திவிட்டார்கள். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"நான் கலிமாச் சொல்லிட்டன். நீங்களும் சொல்லுங்க."

சிப்பாய்களில் மூத்தவன் எழும்பி வந்து காரின் அடியைக் குனிந்து பார்த்தான். எனக்குச் சிங்களமும் அவனுக்குத் தமிழும் சமமாகத் தெரியாது.

"மாஸ்டர், இது வேணாம். எஞ்சின் நிப்பாட்டுங்க. தள்ளுங்க."

அன்றிலிருந்து சாவடிக்கு முன்னால் எஞ்சினை நிறுத்தி, தள்ளிக் கடந்து, அப்பால் போய்த் திரும்ப உயிர் கொடுப்பது வழக்கமாயிற்று. சிப்பாய்களும் ஒரு கை கொடுப்பார்கள். மனைவி இறங்கமாட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின் ஆசனத்தில் ராணிபோல இருப்பாள். "மெதுவாத் தள்ளுங்க, பைக்குள்ள முட்ட இரிக்கி" என்பாள்.

இறக்காமத்தில் மட்டும் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு இருந்தது. வயல்காரர்கள் யானைக்கு வெடி கொளுத்துகிறவர்கள். "மாஸ்டர் வந்து போனா ரெண்டு நாளைக்கு யானை எட்டிப் பாக்கிறல்ல" என்றார்கள். ராத்தாவுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். கார் குளக்கட்டில் ஏறும்போதே கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவார். நாங்கள் வாசலில் இறங்கும்போது தேத்தண்ணி ஆவி பறக்கும்.

ஒரு நாள் மருமகன் பின்வளவுக்கு வந்தார். அரச அலுவலகத்தில் வேலை. நல்ல பிள்ளை, குரல் உயர்த்திக் கதைக்க மாட்டார்.

"மாமா, அம்பாறையில பழைய கார் உடைக்கிற இடமொண்டு இரிக்கி. இதே சாதிக் காருட சைலன்சர் கிடைக்குமாம். புதுசு வாங்கிறத விட எவ்வளவோ மலிவு. நான் எடுத்துக்கிட்டு வாறன்."

"தேவல்ல மருமகன். அத நான் பாத்துக்கிறன்."

"இல்ல மாமா, சும்மா கிடக்கிற பழைய சாமான்தானே..."

"நான் பாத்துக்கிறன் எண்டு சொன்னேனே."

இதை நேராக எழுதிவிடுகிறேன். என்னிடம் பணம் தட்டுப்பாடு என்பது உண்மை. ஆனால் நான் வேண்டாமென்றது அதற்காக அல்ல. வீடு அவர்களுடையது, கிணறு அவர்களுடையது, நான் சாய்ந்து பேப்பர் வாசிக்கிற மாமரமும் அவர்களுடையது. இன்றைக்குச் சைலன்சர் அவருடையதானால் நாளைக்கு டயர், மறுநாள் பற்றரி. கடைசியில் நான் மருமகனுடைய காரில் ஏறி இருக்கிற ஆளாகிவிடுவேன் என்று பயந்தேன். படித்த மனிதன் ஒருவன் ஒரு கறள் பிடித்த குழாய்க்காக இப்படியெல்லாம் யோசிப்பானா என்று கேட்காதீர்கள். யோசித்தேன்.

மச்சானுடைய கடைக்குக் காரைக் கொண்டுபோனேன். வெல்டிங் கம்பியை வைத்த இடமெல்லாம் புது ஓட்டை விழுந்தது.

"மச்சான், ஒட்டுறண்டா கொஞ்சமாவது இரும்பு இரிக்கணும். இது பப்படம்."

"ஒரு தகரத்தச் சுத்திக் கட்டு."

பிள்ளைகளின் பால்மா டின் ஒன்றைப் பிளந்து விரித்தான். "நல்ல பால்மா. இனி உங்கட கார் கொழுத்துவரும், பல்லு முளைக்கும்" என்று பாடிக்கொண்டே சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கினான். பின்னால் நீண்டுகொண்டிருந்த வால் துண்டு கையோடு கழன்று வந்தது. அதை என்ன செய்வதென்று கேட்டான்.

"வெட்டி எறி. அது என்னத்துக்கு?"

"ஒண்டும் ஆகாதே?"

"புகை எங்கால போனா என்ன, வெளியதானே போகுது."

இது நான் சொன்னது. கரி முழுதாக எரியாவிட்டால் உண்டாகும் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, முதலில் தலையிடியும் மயக்கமும் தந்து பிறகு ஆளையே கொண்டுபோகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே வாயால் சொன்னது. கார் அதற்குப் பிறகு வெடிக்கவில்லை. குளக்கட்டில் ஏறும்போது மட்டும் ராத்தாவுக்குக் கேட்கும் அளவு குமுறியது, அவ்வளவுதான். சாவடியில் சிப்பாய்கள் கை தட்டினார்கள். நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். புகைக்குழாயின் வாய் இப்போது பின் ஆசனத்துக்கு நேர் கீழே இருந்தது.

அதன் பிறகுதான் மனைவிக்குப் பயணத்தில் தலையிடி தொடங்கியது. போகும் வழியில் தூங்கி விழுவாள். இறங்கினால் முகம் வெளிறி இருக்கும். நான் அதையும் பகிடியாக்கினேன்.

"உன்ட குறட்டையில எனக்குக் காருட சத்தமே கேக்கல்ல. சைலன்சர் உனக்குத்தான் போடணும்."

"தல சுத்துதுங்க. சிரிக்காதீங்க."

"கிழவியாகிட்டா அப்பிடித்தான்."

வீட்டுக்கு வந்ததும் முன் வீட்டில் மகளுடைய கட்டிலில் போய்ச் சுருண்டு படுப்பாள். தொழுகைப் புடவையில் புகை மணக்கிறது என்று நீட்டுவாள். முகர்ந்துவிட்டு, "அது உன்ட ராத்தாட அடுப்பு" என்பேன். வைத்தியர் பிரஷர் என்றார். மாத்திரை கூடியது, தலையிடி குறையவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் பையை எடுக்கவில்லை.

"எனக்கு அந்தப் பயணம் ஒத்துக்கொள்ளல்ல. ராத்தாக்குச் சொல்லி அனுப்புங்க."

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விதைப்பில் நின்ற பயணம் பயிர் கதிர் விடப் பொத்தி கட்டியும் தொடங்கவில்லை. வயலிலிருந்து வந்த ஒருவரிடம் ராத்தா சொல்லி அனுப்பியிருந்தார். "வரப் பிடிக்கல்லயெண்டா நேராச் சொல்லச் சொல்லுங்க. தலையிடி எண்டு பள்ளிக்கூடப் புள்ள மாதிரிச் சாட்டுச் சொல்ல வேணா." அதைக் கேட்டு மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அறுவடைக்கு ராத்தா வீட்டில் புது நெல்லில் ஆக்கும் புதிரரிசிச் சோறு. மருமகன் ஒரு வேன் பிடித்துத் தன் மனைவியையும் மாமியையும் ஏற்றினார். என் மனைவி மாத்திரையையும் ஓங்காளித்தால் பிடிக்க ஒரு பையையும் எடுத்துக்கொண்டு, சாவுக்குப் போகிறவள்போல ஏறினாள். நான் போகவில்லை, என் கார் நிற்க நான் ஏன் வேனில் ஏற வேண்டும்?

மாலையில் அவர்கள் திரும்பினார்கள். வேன் நிற்குமுன்பே மனைவியின் சிரிப்புக் கேட்டது. இறங்கியதும் எனக்குச் சோற்றுப் பொதியைத் தந்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினாள். ஈர விறகாம், நாள் முழுக்க அடுப்புப் புகைந்ததாம், இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பழைய சண்டையெல்லாம் போட்டார்களாம்.

"தலையிடி?" என்றேன்.

"இல்லயே. என்ன அதிசயம் பாருங்க, இண்டைக்கு ஒண்டுமே இல்ல."

அவள் தொழுகைப் புடவையைக் கொடியில் போட்டாள். முகர்ந்து பார்த்தேன். நாள் முழுக்கப் புகைந்த அடுப்பு. புடவையில் விறகின் மணம்தான் இருந்தது. நான் முன்பு முகர்ந்தது அதுவல்ல.

காரின் பின் கதவைத் திறந்து மிதிவிரிப்பைத் தூக்கினேன். தரைத் தகடு கறளில் அரிபட்டு, ஓட்டை வழியே முற்றத்து மணல் தெரிந்தது. சுற்றிக் கறுப்பாகக் கரி. எஞ்சினை முடுக்கிவிட்டுப் பின்னால் வந்து, அவள் இருக்கும் இடத்தில் இருந்து கதவைச் சாத்தினேன். காலுக்கடியிலிருந்து புகை எழும்பிற்று. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டேன். அவள் இறக்காமம் வரை இருந்தவள்.

மருமகனிடம் போனேன். "அந்த அம்பாறைச் சாமான்..." என்று இழுத்தேன்.

"அது வீட்டுலதான் இரிக்கி மாமா. அண்டைக்கே வாங்கிட்டன். நீங்க கோவிப்பீங்களோ எண்டு எங்கட கட்டிலுக்குக் கீழ வெச்சிரிக்கன்."

சாக்கில் சுற்றி வைத்திருந்தார். தலையிடியோடு என் மனைவி வந்து வந்து படுத்த கட்டில் அது.

அவளிடம், புகை உள்ளே வந்திருக்கிறது, அதுதான் தலையிடி என்று மட்டும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "அப்ப எனக்கு வருத்தமொண்டும் இல்லயா? பயணம் ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டுக் கண் கலங்கினாள். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மருமகன் முன்னமே கேட்டார், நான்தான் வேண்டாமென்றேன் என்பதை விழுங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, நல்ல சைலன்சரோடு பூனைபோலப் போய் இறங்கினோம். ராத்தா வாசலில் முதுகு காட்டி நெல் புடைத்துக்கொண்டிருந்தார். தங்கை தோளைத் தொட்டதும் துள்ளி எழும்பினார்.

"என்ன மாஸ்டர், கள்ளன் மாதிரி வாறீங்க? சத்தம் இல்லாம வந்தா நான் எப்பிடித் தேத்தண்ணி வெக்கிற?"

அதற்குப் பிறகு நிறையச் சனிக்கிழமைகள் கிடைக்கவில்லை. அடுத்த பெரும்போகம் கதிர் முற்றுமுன் ராத்தா மௌத்தாகிவிட்டார். அடக்கத்தன்று மையத்து வீட்டில் என் மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். "நடுவுல ஒரு போகம் நான் வரல்லயே, என்ட பாழாப்போன தலையிடி." நான் கேட்டுக்கொண்டு வெளியே கதிரையில் இருந்தேன். எழும்பிப் போய், உன் தலையிடி அல்ல, என் வீம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை எழுதத் தொடங்கிய பிறகுதான் அவளிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டு முழுவதையும் கேட்டாள். எழும்பிப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். பிறகு, "காருக்கு மட்டும் நல்லா வாய அடைச்சீங்க" என்றாள்.

எனக்குக் கண் மங்கிவிட்டது, கார் ஓட்டுவதில்லை. மருமகன்தான் ஓட்டுகிறார். பழுது பார்த்ததெல்லாம் அவர்தான், முன் ஆசனமும் அவர் வாங்கிப் போட்டது. அதில் என் மனைவி உட்காருகிறாள். நான் பின்னால். அம்பாறைக்குப் போக வட்டைகளைத் தாண்டும்போது அவள் முக்காட்டை ஒதுக்கி மெல்லத் திரும்பிப் பார்க்கிறாள்.

"என்ன மாஸ்டர், தலையிடிக்குதா?"